சாமிக்கு முதுகு உண்டு

தஞ்சாவூரில் பெரிய கோயிலையும் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்தையும் ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்குச் செருப்பு ஒரு கேள்வியாக வந்து நிற்கும். கோயிலில் அதை வாசலிலேயே விட்டுவிட்டு, வெயில் ஏறிய தரையில் நுனிக்காலால் ஓடுகிறோம். கலைக்கூடத்தில் அதே சோழர் காலத்துச் சிவனுக்கு முன்னால் செருப்போடு நிற்கிறோம். யாரும் எதுவும் சொல்வதில்லை. என் அத்தை கலைக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினார். "வேண்டாம்மா, போட்டுக்கிட்டே போகலாம்" என்றார் அங்கே நின்ற ஊழியர். "உள்ள சாமிதானே இருக்கு?" என்று கேட்டார் அத்தை. ஊழியர் சிரித்தபடி ஒதுங்கிக்கொண்டார். இதற்காகவே காத்திருந்த மாதிரி அத்தான் ஆரம்பித்தார்: "அதத்தான் நானும் சொல்றேன். சாமி இருக்க வேண்டிய இடம் கோயில். இங்க நின்னு என்ன பண்றார்?"

அத்தானோடு இந்த வாக்குவாதம் பழையது. கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு என்று எங்கே பார்த்துக்கொண்டாலும் அரை மணி நேரத்தில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். மியூசியத்தில் இருக்கிற திருமேனிகள் எல்லாம் கோயிலுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் கட்சி. நான் எதிர்க்கட்சி. ஆனால் என் கட்சிக்கு நான் சொல்லிவந்த காரணங்கள் எனக்கே பாதிதான் பிடித்திருந்தன. பாதுகாப்பு, திருட்டு, பராமரிப்பு என்று காவல்துறை அறிக்கை மாதிரிதான் பேசுவேன். அது மட்டும் காரணமில்லை என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை தஞ்சாவூரில் அத்தை செய்த ஒரு காரியம் அதைக் கொஞ்சம் தெளிவாக்கியது. அதே காரியம் என்னை அத்தான் பக்கமும் ஓரடி நகர்த்திவிட்டது. இரண்டையும் எழுதிப் பார்த்தால் தேவலை என்று தோன்றியது.

மூன்று விநாடி

காலையில் பெரிய கோயில். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. 1010-ல் கலசம் ஏறியது, 216 அடி, யுனெஸ்கோ எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு வழிகாட்டி இப்போதும் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அந்த நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பெருவுடையாரைப் பார்ப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. அவ்வளவு பெரிய லிங்கம், நந்தி மண்டபம் தாண்டி வரும்போதே ஆளை இழுத்துவிடுகிறது. சிக்கல் ஆடவல்லானிடம்தான், அதாவது நடராசரிடம். ராஜராஜன் காலத்துச் செப்புத் திருமேனிகளில் இன்றுவரை அதே கோயிலில் வழிபாட்டில் இருக்கிற மிகச் சிலவற்றில் அவரும் அம்மையும் உண்டு. ஆயிரம் வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிற சாமி. அவருக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தெரிந்தது முகம், தூக்கிய திருவடியின் நுனி, வேட்டி, மாலை, மறுபடி மாலை. பின்னால் நின்றவர் முழங்கையால் நகர்த்தினார், நகர்ந்தேன். இது குறையில்லை. உற்சவர் என்றால் அலங்காரத்தோடுதான் பார்க்க வேண்டும். அபிஷேகம், சந்தனம், பட்டு, நகை, பூ எல்லாம் ஏறிய பிறகுதான் அவர் சாமியாக நம் முன்னால் வருகிறார். சிலையாக அவரைப் பார்ப்பது குருக்களுக்கும் ஸ்தபதிக்கும் மட்டும் வாய்த்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. "சோழர் செப்புத் திருமேனிகளின் அழகு" என்று நாம் எதைச் சொல்கிறோம்? இடுப்பின் வளைவு, தோளிலிருந்து விரல் வரை ஓடும் கோடு, முழங்காலில் தெரியும் தசையின் இறுக்கம், துணியின் மடிப்பு. இதையெல்லாம் தொள்ளாயிரம் வருஷத்துப் பக்தர்கள் யாரும் சாவகாசமாகப் பார்த்ததில்லை. அப்பரும் சம்பந்தரும் பாடிய ஊர்களில் பிறந்து, அந்தச் சாமியின் தேரை இழுத்து, அந்தச் சாமியின் பேரைப் பிள்ளைக்கு வைத்துச் செத்துப்போனவர்கள் அவர் முழங்காலைப் பார்த்ததே கிடையாது. மண்ணிலிருந்து எடுத்து, துணியில்லாமல், ஒரு பீடத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு விளக்கைப் போட்ட பிறகுதான் அந்த அழகு பொதுச்சொத்தானது. கலை வரலாற்றுப் புத்தகங்களும் காலண்டர் படங்களும், அத்தான் தன் போனின் முகப்பில் வைத்திருக்கும் நடராசரும்கூட அந்தக் கண்ணாடிப் பெட்டியின் பிள்ளைகள்தான். இதை அவரிடம் சொன்னேன். "அதுக்காக?" என்றார். நியாயமான கேள்வி.

பிரகாரத்தில் தொல்லியல் துறை ஒரு விளக்கக் கூடம் வைத்திருக்கிறது. கோயிலுக்குள்ளேயே ஒரு குட்டி மியூசியம். கருவறையைச் சுற்றியிருக்கும் இருட்டான உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன, பொதுமக்களுக்கு அனுமதியில்லை. அதனால் அவற்றின் படங்களை இங்கே மாட்டியிருக்கிறார்கள். அந்த ஓவியங்களின் கதை விசித்திரமானது. நாயக்கர் காலத்தில் அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசிப் புது ஓவியம் தீட்டிவிட்டார்கள். கீழே இன்னொரு உலகம் இருக்கிறது என்பதே மறந்துபோனது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்த இருட்டுக்குள் போய்ப் பார்த்தபோது மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழன் எட்டிப்பார்த்தான். பிறகு நாயக்கர் ஓவியத்தைச் சேதப்படுத்தாமல் தனியாக உரித்தெடுத்துப் பலகையில் ஏற்றும் வேலையையும் தொல்லியல் துறை செய்தது. யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகிற அந்தக் காட்சியைப் படத்தில் பார்த்துக்கொண்டு அத்தை வெகுநேரம் நின்றார். "நிசமானது எங்க இருக்கு?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம், நூறு அடிகூட இருக்காது என்றேன். "சரி, பத்திரமா இருக்கட்டும்" என்று நடந்துவிட்டார். கோபமே இல்லை. பார்க்க முடியாதது கோயிலில் அவருக்குப் பழக்கமான விஷயம்.

காளை போன இடம்

அரண்மனையில் பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் படியேறி இறங்குவதில் போய்விடும். தர்பார் மண்டபத்தின் வண்ணங்கள், மணிக்கோபுரம், ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு (குழந்தைகள் ராஜராஜனைவிட அதைத்தான் அதிகம் ரசிக்கிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது). சரஸ்வதி மகால் நூலகத்தில் மராட்டிய மன்னர் சரபோஜி சேர்த்த சுவடிகளும் படங்களும். அத்தான் அங்கே கொஞ்சம் இளகினார். ஒரு ராஜா கண் வைத்தியத்தில் இவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறாரே என்று கண்நோய்ப் படங்களுக்கு முன்னால் ஆச்சரியப்பட்டார். கலைக்கூடம் வந்ததும் மறுபடி எதிர்க்கட்சி.

இந்தக் கலைக்கூடம் 1951-ல் தொடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து திருமேனிகள் கிளம்பின. அவற்றில் ஒருவர்தான் ரிஷபவாகன தேவர். அவரைப் பார்க்காதவர்களுக்காக: மூன்றடிக்கு மேல் உயரம். இரண்டே கைகள். சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கிறார். கால்களைக் குறுக்காக வைத்து, ஒரு கையைப் பக்கத்தில் நிற்கும் காளையின்மேல் போட்டு, ஓய்வாகச் சாய்ந்து நிற்கிறார். காளை மட்டும் இல்லை. அது கிடைக்கவில்லை. கை காற்றில் இருக்கிறது, ஆனால் உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் இறங்குவது தெரிகிறது. காளை அங்கே நிற்கிறது என்றே கண் நம்புகிறது. எந்தச் சிற்பியும் இப்படித் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டான். தொலைந்துபோனதால் கிடைத்த அழகு இது.

திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு இந்தத் திருமேனியைச் சொல்கிறது. ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1011. அம்மன் அடுத்த ஆண்டு. செப்புத் திருமேனிக்கு இப்படி வருஷம் தெரிவது அபூர்வம். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தை அந்தப் பலகையில் 'திருவெண்காடு' என்ற ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து அது பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். புதனுக்காகவும், அகோரமூர்த்திக்காகவும், மூன்று குளத்திலும் முங்குவதற்காகவும் அத்தை அங்கே எத்தனை தடவை போயிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. "திருவெண்காட்டுச் சாமியா? நம்ம பக்கத்துச் சாமி! இங்கயா நிக்கிறார்?" என்றார். குரலில் வருத்தமா, கோர்ட்டு வாசலில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட அதிர்ச்சியா தெரியவில்லை. கையைக் கூப்பினார். அத்தான் என்னைப் பார்த்தார், 'பார்த்தியா?' என்கிற மாதிரி.

அடுத்து நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கும்பிட்டு முடித்ததும் அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயிலாக இருந்தால் தீபாராதனை, திருநீறு, அப்புறம் யாராவது நகரச் சொல்வார்கள். இங்கே யாரும் நகரச் சொல்லவில்லை. அதனால் பார்க்க ஆரம்பித்தார். முதலில் முகம். அப்புறம் காதில் என்ன போட்டிருக்கிறார் என்று. ஒரு காதில் ஒன்று, இன்னொரு காதில் இன்னொன்று என்று கண்டுபிடித்து, "பாதி அம்மாதானே, அதான்" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். கால்விரல்களை எண்ணிய மாதிரி இருந்தது. பிறகு பெட்டிக்குப் பக்கவாட்டில் போய், கழுத்தை வளைத்து, பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி எட்டிப் பார்த்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இங்க வாடா. சாமிக்கு முதுகு இருக்கு."

தலைப்பாகைக் கட்டின் பின்புறமும் முதுகின் நடுப்பள்ளமும் பக்கவாட்டிலிருந்து தெரிந்தன. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் வார்த்தவன் அங்கே கைவேலையைக் குறைக்கவில்லை. "அறுபத்தெட்டு வயசுக்கு இன்னிக்குத்தான் ஒரு சாமியோட முதுகைப் பாக்குறேன்" என்று அத்தை சிரித்தார். கோயிலில் சாமியின் முதுகு சுவர் பக்கம். நாம் பிரகாரத்தைச் சுற்றி வரும்போது நடுவில் கருங்கல். வலம் வருவது என்றால் பார்க்காமல் சுற்றுவது. அத்தை அன்றைக்குச் செய்ததும் ஒரு வலம்தான், கண்ணைத் திறந்துகொண்டு. அவருடைய பக்தி அதில் ஒரு துளி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. கூடியதாகக்கூடச் சொல்லலாம், ஆனால் அது அவருக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு.

அத்தான் சும்மா இருக்கவில்லை. "அங்க இருந்திருந்தா தினம் பால் அபிஷேகம் நடந்திருக்கும்" என்றார். நடந்திருக்கும்தான். ஆயிரம் வருஷம் தினமும் அபிஷேகம் செய்து, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் பூசி, மறுபடி தேய்த்தால் உலோகம் என்ன ஆகும் என்பதைத் தொடர்ந்து பூசையில் இருக்கும் பல உற்சவர்களின் முகத்தில் பார்க்கலாம். மூக்கும் உதடும் மழுங்கி, புருவம் கரைந்து, சில இடங்களில் கண்ணை மறுபடி செதுக்கியிருப்பார்கள். அன்பு தேய்த்த முகங்கள் அவை. எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம் உண்டு. ரிஷபவாகனர் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்குக் காரணம் பல நூறு ஆண்டு அவரை யாரும் தொடவில்லை என்பதுதான். படையெடுப்புக் காலத்தில் காப்பாற்றுவதற்காகப் புதைத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆபத்து வந்தால் திருமேனியை மண்ணில் மறைத்து வைப்பதற்கு ஆகம நூல்களிலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை, அல்லது வந்தவர்களுக்கு இடம் தெரியவில்லை. பெரிய கோயில் ஓவியத்தை நாயக்கரின் சுண்ணாம்பு காத்தது. இவரைத் திருவெண்காட்டு மண் காத்தது.

எண்ணி வைத்த ராஜா

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் அத்தான் தன் கடைசி அம்பை எடுத்தார். மியூசியம் என்கிற புத்தியே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. சாமியை உயரம் அளந்து, நம்பர் போட்டு, பொருளாக்கிவிட்டான் என்றார். இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் நான் அறிந்ததில் மிக விரிவான பழைய திருமேனிப் பட்டியல் எந்த மியூசியத்திலும் இல்லை. காலையில் நாங்கள் கையால் தடவிக்கொண்டே நடந்த பெரிய கோயில் சுவரில்தான் இருக்கிறது.

"நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது மேடைப் பேச்சில் அடிபட்டு அடிபட்டு நைந்துபோன வரி. அதற்குப் பிறகு என்ன வெட்டினார்கள் என்பதை மேடைகள் சொல்வதில்லை. 60-க்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகள். ஒவ்வொன்றுக்கும் பாதாதி கேசாந்தம், அதாவது பாதத்திலிருந்து முடிவரை, எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை உயரம். எத்தனை ஸ்ரீஹஸ்தம், அதாவது கை. கனமாக வார்த்ததா என்பது. பீடத்தின் அளவு. நகைகளின் எடை, அவற்றில் கோத்த முத்து எத்தனை, அதில் எது எந்தத் தரம் என்பது வரை. நிறுப்பதற்குத் தனி எடைக்கல். அதற்குப் பெயர் 'ஆடவல்லான்'. கோயிலில் நெல் அளக்கிற மரக்காலுக்கும் அதே பெயர். அளவுகோலுக்கே சாமி பெயரை வைத்துச் சாமியை அளந்திருக்கிறார்கள். அக்கன் குந்தவை தன் அப்பா 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்', அதாவது சுந்தர சோழர் பெயரால் எடுப்பித்த திருமேனியும் அந்தப் பட்டியலில் உண்டு. கோயில் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்த தென்னவன் மூவேந்த வேளான் எடுப்பித்த ராஜராஜன், அவர் அரசி உலோகமாதேவி உருவங்களும் உண்டு. நாவிதருக்குக்கூட 'ராஜராஜப் பெருநாவிசன்' என்று பட்டம் கொடுத்து எழுதி வைத்த சுவர் அது.

இந்தச் சுவரும் பல தலைமுறைகளுக்குப் பேசாமல் கிடந்தது. கோயிலைக் கட்டியது யார் என்பதிலேயே குழப்பம். கரிகாலன் என்றும் வேறு யாரோ என்றும் கதைகள் ஓடின. 1880-களில் ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் வந்து படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. அத்தானின் வெள்ளைக்காரன் இந்தக் கதையில் கொஞ்சம் சிக்கலான பாத்திரம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. உற்றுப் பார்ப்பதும் அளப்பதும் எண்ணி எழுதுவதும் பக்திக்கு எதிரி என்று எங்கேயோ நமக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. ராஜராஜனுக்கு அந்த எண்ணம் இல்லை. முத்தை எண்ணினவர்களுக்கும் இல்லை. மூலட்டானத்தைச் சுற்றிய சுவரிலேயே தராசுக் கணக்கை எழுதினார்கள். அத்தை பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது அந்த மரபில் சேர்ந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு சும்மாவும் போகவில்லை. காணாமல்போன ராஜராஜன், உலோகமாதேவி திருமேனிகளைத் தேடியவர்களுக்குப் பிடிகயிறு இந்தக் கல்வெட்டுதான். 2018-ல் குஜராத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து அந்த இருவர் என்று சொல்லப்பட்ட உருவங்களைச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு மீட்டுக்கொண்டு வந்தபோது தஞ்சாவூரே திரண்டு வரவேற்றது. அவை அவைதானா என்று விவாதம் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டத்தில் அத்தானும் நின்றிருக்கிறார். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது இப்போதும் அவர் குரல் மாறும். அதை நான் கிண்டல் செய்வதில்லை. பெரிய கோயில் மாதிரி ஆளும் காவலும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு ஒன்று திரும்புவது நல்ல விஷயம்தான்.

சாப்பிட்டு முடித்துச் சிவகங்கைப் பூங்காப் பக்கம் போனோம். 1779-ல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் திறந்திருந்தது. உள்ளே ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் சுவார்ட்ஸின் கையை இளவயது சரபோஜி பிடித்துக்கொண்டிருக்கிறார். 1798-ல் அவர் இறந்த பிறகு சரபோஜியே லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்து வரவழைத்தது. இங்கே எல்லாம் தலைகீழ்: வழிபாட்டு இடத்தில் வழிபாட்டுக்கில்லாத ஒரு கலைப்பொருள், ஒரு இந்து ராஜா தன் குருவுக்காக வைத்தது. அத்தை அதையும் பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். பழக்கமாகிவிட்டது. புடைப்புச் சிற்பமானதால் முதுகு இல்லை.

மூன்றாவது இடம்

இதுவரைக்கும் என் கட்சிதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றலாம். திரும்பி வரும்போது காரில் அத்தான் கேட்டது அதைக் குலைத்துவிட்டது. "சரிடா, மியூசியத்துல இருக்கிறவரையாவது டிக்கெட் வாங்கிப் பாத்துடலாம். நம்ம ஊர்க் கோயில் சோமாஸ்கந்தர் எங்க?"

எங்கள் ஊர்க் கோயில் சின்னது. ஒருகால பூசை, மாலையில் ஒரு விளக்கு. சுற்றுவட்டாரத்தில் திருட்டு அதிகமான காலத்தில் உற்சவர்களை எல்லாம் திருவாரூரில் இருக்கும் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப் போனார்கள். நான் அப்போது சின்னப் பையன். டெல்டாவில் இது ஊருக்கு ஊர் நடந்தது. தியாகராசர் கோயில் வளாகத்தில் அந்த மையத்தில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் இருக்கின்றன. திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்தால் போலீஸ் காவலோடு ஊருக்கு வந்து, வீதியுலா போய்விட்டு, பரோல் முடிந்த ஆள் மாதிரி திரும்பிவிடுவார். திருவிழாவே நின்றுபோன எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கு அதுவும் இல்லை.

பத்தூர் நடராசர் கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். 1976-ல் மண்ணிலிருந்து வந்து, கைமாறிக் கைமாறி லண்டன் போய், அங்கே வழக்காகி, இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலையே ஒரு தரப்பாக நீதிமன்றம் ஏற்று, 1991-ல் வீடு திரும்பினார். வீடு என்பது திருவாரூர் பாதுகாப்பு மையம். அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் டில்லியில் நம் பிரதமரிடம் நேரில் ஒப்படைத்தார். அதற்கு முன் கான்பெராவில் ஒரு பெரிய கலைக்கூடத்தில் தினமும் யாராவது அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள், திருட்டுச் சொத்துதான் என்றாலும். இங்கே வந்தபின் அவரும் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார். மீட்பு என்று கைதட்டிய நாம் அதற்குப் பிறகு அவரைத் தேடிப் போனோமா?

கோயிலா மியூசியமா என்று நாங்கள் இத்தனை வருஷம் அடித்துக்கொண்டதில் இந்த மூன்றாவது இடம் கண்ணில் படவே இல்லை. கோயிலில் முழுசாகப் பார்க்க முடியாது, ஆனால் பூசை உண்டு, பெயர் உண்டு, அவருக்காக வெயிலில் ஓடி வருகிறவர்கள் உண்டு. மியூசியத்தில் பூசை இல்லை. ஆனால் கண் உண்டு, நேரம் உண்டு, முதுகைக்கூடப் பார்க்கலாம். பாதுகாப்பு மையத்தில் அடுக்கடுக்காக நிற்கிறவர்களுக்கு ஊரார் பூசையும் இல்லை, போகிறவர் வருகிறவர் கண்ணும் இல்லை. திருடனிடமிருந்து காப்பாற்றினோம் என்பது உண்மை. அதற்காக அரசை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க் கோயில் கதவை ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். ஆனால் காப்பாற்றி முடித்து இத்தனை வருஷமாகியும் அவர்களை யாருக்கும் காட்டவேண்டும் என்று தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கண்ணாடியும் கேமராவும் காவலும் போட்டு ஒரு கூடம், ஒவ்வொருவர் கீழேயும் அவர் ஊர்ப் பெயர். இது தஞ்சாவூரில் 1951-லேயே முடிந்திருக்கிறது. திருவிழா வந்தால் ஊருக்குப் போகட்டும். மிச்ச நாளில் ஊர் அங்கே வரட்டும். அத்தானும் இதற்கு ஒத்துக்கொண்டார். "பெட்டிக்கு முன்னாடி ஒரு விளக்கு வைக்கணும்" என்பது மட்டும் அவர் நிபந்தனை. விளக்கு, புகை, உலோகம் என்று நான் ஆரம்பித்தேன். அது தனிச் சண்டை.

பின்சீட்டில் அத்தை தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். சோமாஸ்கந்தரில் நடுவில் இருக்கும் முருகன் ஆடுகிற மாதிரியா, நிற்கிற மாதிரியா என்று திடீரென்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அத்தானுக்கும் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியாது என்பதால்தான் கேட்டிருக்கிறார். சின்ன வயசில் அலங்காரத்தில் அவர் பார்த்தது முகங்களை மட்டும்தான். "திருவாரூர்ல போய்ப் பாத்தா என்ன? டிக்கெட் எவ்வளவு?" என்றார். டிக்கெட் கொடுக்கிற இடமில்லை அத்தை, நினைத்தபடி உள்ளே போக முடியாது, அனுமதி கேட்டு எழுத வேண்டியிருக்கும் என்றேன்.

"அப்ப எழுது. ஊர்ப் பேர், கோயில் பேர் எல்லாம் நான் சொல்றேன். முதுகையும் பாக்கணும்னு சேத்து எழுது."

மனு எழுதியாகிவிட்டது. முதுகு விஷயத்தை மட்டும் 'திருமேனியை முழுமையாகக் காண' என்று மாற்றியிருக்கிறேன். அத்தையிடம் படித்துக் காட்டியபோது அது போதாது என்கிறார்.